ஊதிக் காட்டி ஓட்டிய பஸ்

நான் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன். அதில் ஒன்பது வருஷம் குடித்துவிட்டு ஓட்டினேன். ஒரு விபத்துகூட நடக்கவில்லை.

இதைப் படித்ததும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். அண்ணன் கெட்டிக்காரன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பைத் துடைக்கத்தான் இதை எழுதுகிறேன். இரத்தோட்டைப் பாதையில் புதிதாக ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கும் தம்பிமாரும், கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கும் அந்த இரண்டு தங்கச்சிமாரும் கேட்டுக்கொள்ளுங்கள். கியர் போடுவது, பாதை வளையும் முடக்கில் திருப்புவது எல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். இதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள்.

எங்கள் முதலாளியிடம் ஆறு பஸ்கள் இருந்தன. நான் ஓட்டியது மலைக்குப் போகும் பஸ். காலையில் இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறி, கடைசித் தோட்டத்து ஹோல்டில், அதாவது பஸ் நிற்கும் இடத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு இறங்க வேண்டும். கார்மென்ட் பக்டரிக்குப் போகிறவர்கள், கராம்பும் மிளகும் தரம் பிரிக்கும் ஸ்டோர்களுக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகிற நோயாளிகள் எல்லோரும் அதே பஸ்தான். அதை விட்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு வேறு பஸ் கிடையாது.

முதன்முதலாக ஒருவன் அந்த மலைக்குப் பஸ் ஏற்றி இறக்கினால் அன்றைக்கு அவன் சாராயப் பார்ட்டி வைக்க வேண்டும். பஸ்கள் நிற்கும் எங்கள் யார்டில் அப்படி ஒரு வழக்கம். நானும் வைத்தேன். மறுநாள் இன்னொருவன் வைத்தான். இப்படித்தான் தொடங்கியது. நீங்கள் அந்தப் பார்ட்டியை வைக்காதீர்கள். கஞ்சன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நீங்கள் செத்துவிட மாட்டீர்கள்.

மூன்று வருஷத்தில் காலையில் என் கை நடுங்கத் தொடங்கியது. பிளேன்டீக் கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டையில் ஊற்றும். கால் போத்தல் சாராயம் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். ஆகவே குடித்தால்தான் நன்றாக ஓட்டுவேன் என்று நம்பினேன். நடுக்கத்தைக் கொண்டுவந்ததே அந்தக் கால் போத்தல்தான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன்.

என் கண்டக்டர் செல்வம் நல்லவன். அவன் நல்லவனாக இருந்ததில்தான் எனக்குக் கோபம். வாசம் தெரியாமலிருக்க எனக்காகச் சட்டைப் பையில் கராம்பு வைத்திருப்பான். யாராவது கேட்டால், "அண்ணனுக்குப் பல்லு வலி" என்பான். நான் எழும்ப முடியாத நாட்களில் யார்டுக்குப் போய், "அண்ணனுக்குக் காய்ச்சல்" என்பான். ஒன்பது வருஷம் எனக்குப் பல்வலியும் காய்ச்சலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒரு மனுஷனுக்கு இருக்கும் முப்பத்திரண்டு பல்லும் போதாது. யார்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால் போத்தலை வைத்து என் பெயரே 'கோட்டர்' தான். ஆனால் என்னிடம் நேரே ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குப் பெயர் கூட்டாளித்தனமாம்.

நானும் விட முயலாமல் இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மூன்று முறை சத்தியம் பண்ணினேன். என் மனைவி பக்கத்தில் நின்று அழுதாள். மூன்று முறையும் ஒரு வாரம் தாண்டவில்லை. ஒரு தடவை நானாகவே வீட்டில் ஒரேயடியாக நிறுத்தி, இரண்டாம் நாள் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதைக் கவனமாகப் படியுங்கள். உங்களில் யாருக்காவது காலையில் கை நடுங்கினால் வீரம் காட்டித் தனியாக நிறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் என் வேலையை அம்மாளின் தலையில் போட்டுவிட்டு டொக்டரிடம் போகாமல் இருந்தேன். அம்மாளுக்கு வேறு வேலை இல்லையா?

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

முதல் நாள் பின்னேரம் மேலே ஏறும்போது ஒரு முடக்கில் அகலமாக எடுத்துவிட்டேன். பின் சில்லு பாதையோரத் தண்ணீர்க் கானின் விளிம்பில் தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள். நான் மறுபக்கம் ஒடித்து மேலே எடுத்துவிட்டு, கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் காலை மேல் ஹோல்டில் முப்பது பேர் நின்றார்கள். பஸ்ஸை நிறுத்தினேன். ஒருவரும் ஏறவில்லை. கராம்பு ஸ்டோரில் வேலை செய்யும் பவளம் என்றொரு பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆறு வருஷம் என் பஸ்ஸில் வந்தவள்.

"நாங்க நடந்து போறோம் டைவரண்ணே. நீங்க பஸ்ஸக் கொண்டுக்கிட்டுப் போங்க."

"என்னத்துக்கு?"

"நேத்து நாங்க கத்துனப்ப நீங்க சிரிச்சீங்க. அதுக்குத்தான்."

முப்பது பேரும் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். தூறல் வேறு. என்னால் அவர்களை முந்திப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முதல் கியரில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். செல்வம் புட்போர்டில் தொங்கிக்கொண்டு கெஞ்சினான்.

"ஏறுங்கக்கா! இன்னிக்கு டிக்கட்டே வேணாம்!"

"டிக்கட்டுக்காப்பா பயப்படுறோம்? ஒங்கண்ணன் வாயில கெடக்குற பல்லு வலிக்குப் பயப்படுறோம்!" என்றாள் பவளம்.

நான் ஹோர்ன் அடித்தேன். தடியூன்றி நடந்த ஒரு பெரியவர் நின்று திரும்பினார். "அடிக்காதடா, எனக்குச் செவிடு இல்ல. ஒனக்குத்தான்" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "டைவர் மாமாவுக்கு நாங்க ரோட்டு காட்டுறோம்!" என்று கை வீசி நடந்தார்கள்.

இப்படியே இரத்தோட்டை வரை வந்தோம். முன்னால் முப்பது பேர், பின்னால் வெறும் பஸ். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "யாருக்குக் கல்யாணம்?" என்று ஒருவன் கேட்டான். இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

யார்டில் பஸ்களை நேரத்துக்கு அனுப்பிவைப்பவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளை டவுனில் பரம்பரையாக இருக்கும் முஸ்லிம் குடும்பத்து மனுஷர். அதிகம் பேசமாட்டார். நான் பஸ்ஸை உள்ளே விட்டதும் வந்து கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"நீ இண்டைக்கு வீட்ட போகாத. வீட்ட போனா ரோசத்துல குடிப்பாய். நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். உன்ட பொஞ்சாதிக்குக் கோல் எடுத்திட்டன்."

"முதலாளி என்ன சொன்னாரு நானா?"

"முதலாளியக் கிடக்க விடு. இவ்வளவு நாளும் உன்ட காய்ச்சலுக்கு நானும்தான் தலையாட்டினன். மலையில ஒரு நாள் பஸ் கவுந்து முப்பது பேர் மௌத்தாகி இருந்தா, அதுல என்ட பங்கும் இருக்கு."

அந்த ஒன்பது வருஷத்தில் தன் பிழையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள். பிறகு கண்டிப் பக்கம் குடியை மறக்கவைக்கும் ஒரு நிலையத்தில் இரண்டரை மாதம். மரக்கறி வெட்டினேன், கக்கூஸ் கழுவினேன், என்னைப் போன்ற பதினைந்து பேரோடு வட்டமாக உட்கார்ந்து பேசினேன். ஒருத்தர் பாடசாலை அதிபர், ஒருத்தர் ஐயர், ஒருத்தன் மரம் வெட்டுபவன். எல்லாருடைய பொய்யும் ஒரே பொய்தான். எல்லோருக்கும் பல்வலி! அங்கே நான் சிரித்த அளவுக்கு வேறெங்கும் சிரித்ததில்லை. நடுவில் ஒரு செத்த வீட்டுக்கு லீவில் வந்து குடித்தேன். மறைக்காமல் திரும்பிப் போய்ச் சொன்னேன். விரட்டுவார்கள் என்று நினைத்தேன். "சரி, உட்காருங்க" என்றார்கள்.

திரும்பி யார்டுக்கு வந்த அன்று நம்முடைய ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எனக்கு வரவேற்பு வைத்தார்கள். சாராயத்தோடு! "மூணு மாசம் காஞ்சு போய் வந்திருக்கான்" என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நல்ல போத்தலாகப் பார்த்து வாங்கி, பொரித்த கோழியும் வைத்து, முதல் கிளாஸை என் கையில் தந்தார்கள். கெட்ட எண்ணம் ஒருவனுக்கும் இல்லை. பஸ்காரர்கள் மட்டுமே பண்ணக்கூடிய மடத்தனம் அது. கையில் கிளாஸ். வாயெல்லாம் தண்ணீர். பிறகு கிளாஸைப் பொனட்டில் வைத்துவிட்டு, கோழித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பஸ்ஸுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாராயத்தைத்தான் டொக்டர் விடச் சொன்னார். கோழியை விடச் சொல்லவில்லை.

"டேய் கோட்டர், கோழி பைட்ஸக் குடுடா!" என்று வெளியே தட்டினார்கள். முழுக்கத் தின்றுவிட்டுத்தான் இறங்கினேன்.

முதலாளி ஸ்டியரிங் தரவில்லை. பஸ் கழுவச் சொன்னார். சரி, கழுவினேன். அதில் கோபம் இல்லை. கோபம் வேறு ஒன்றில். என்னோடு பேச வருகிற ஒவ்வொருத்தனும் முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, மூக்கால் ஒருதரம் மூச்சை இழுத்துவிட்டு, "சுகமா இருக்கியா?" என்பான். முத்தம் கொடுக்க வருவதைப் போல. நான் குடித்த காலத்தில் ஒருத்தனும் மோந்து பார்க்கவில்லை. விட்ட பிறகு ஊரே மோந்து பார்த்தது, அதுவும் களவாக. என் மனைவியின் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு அவளை மட்டும் கூப்பிட்டார்கள். குடிகாரனைக் கூப்பிடுகிறார்கள், குடியை விட்டவனைக் கூப்பிடமாட்டார்கள். என்ன கணக்கோ!

நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு பரீட்சை நாள் வந்தது. மேலே தோட்டத்தில் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஏழு பிள்ளைகள். காலைப் பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

மலைப் பஸ்ஸை அப்போது ஓட்டியவன் நேசன். என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன், என் கல்யாணத்தில் என் பக்கத்தில் நின்றவன். அன்று ஏதோ கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்தான். கண் சிவப்பு. வாயில் கராம்பு. நான் பஸ் கழுவும் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுப் போனேன்.

"கராம்பு திங்கிற. பல்லு வலியா?"

"ஓ, பல்லு வலி."

"எந்தப் பக்கம்?"

வலது கன்னத்தைத் தொட்டான். நானாவும் வந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது கன்னத்தைத் தொட்டான்.

"சாவியக் குடு நேசா" என்றேன்.

"நீயா கேக்குற? நீ குடிச்ச சாராயத்துல இந்த ஆறு பஸ்ஸையும் கழுவலாம்டா!"

"அதான் எனக்குத் தெரியுது. வேற யாருக்குத் தெரியும்?"

யார்டில் நின்ற மற்ற வேலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். "ஸ்டியரிங் மேல கண்ணு இவனுக்கு" என்று ஒருவன் சொன்னான். செல்வம் பழைய பழக்கத்தில், "ஒரு தேசிக்காயப் புழிஞ்சு குடுத்தா சரியாயிரும் நானா, நேரமாவுது" என்றான். நேசன் என் கண்ணைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது லேசான வேலை இல்லை தம்பிமாரே. அது லேசு என்று சொல்கிறவன் செய்திருக்கமாட்டான். ஆனால் கராம்பு வாசத்தோடு ஏழு பிள்ளைகளை அந்த முடக்குகளில் இறக்கவிட்டு நான் பஸ் கழுவிக்கொண்டிருக்க முடியாது.

முதலாளி போனை எடுக்கவில்லை. மற்ற டிரைவர்கள் எல்லோரும் தங்கள் பஸ்களோடு போய்விட்டார்கள். நானாவுக்கு முன்னால் ஓட்டத் தெரிந்த இரண்டு பேர்தான் நின்றோம். ஒருவன் அன்றைக்குக் குடித்தவன். மற்றவன் ஒன்பது வருஷம் குடித்தவன். நானா நேசனிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நேத்துக் குடிச்சியா?"

"இல்ல."

"இண்டைக்கு?"

"இல்ல."

"நாளைக்கு?"

பொய் சொல்ல வாய் வந்தது. சாவி அவ்வளவு கிட்ட இருந்தது. ஆனால் அந்த வட்டத்தில் உட்கார்ந்து பழகிய நாக்கு வேறு மாதிரிச் சொல்லிவிட்டது.

"நாளைக்குத் தெரியாது நானா."

சாவியை என் கையில் வைத்தார். "நாளைக்கும் இல்லண்டு சொல்லி இருந்தா தந்திருக்க மாட்டன். போ, பிள்ளையள் நிக்குதுகள்."

மேலே ஏறும்போது கை நடுங்கவில்லை. ஹோல்டில் எல்லோரும் நின்றார்கள். ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்ததும் ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் பரீட்சைப் பிள்ளை. நியாயமான பயம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. செல்வம், "அண்ணன் இப்ப குடிக்கிறதில்ல, ஏறுங்க" என்றான். ஒன்பது வருஷம் பல்வலி சொன்னவன் வாயை யார் நம்புவார்கள்? ஒருவரும் அசையவில்லை.

பவளம் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு என் யன்னல் பக்கம் வந்தாள். முன் சில்லின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"ஊதுங்க."

"என்ன?"

"வாயத் தொறந்து ஊதுங்கண்ணே. கராம்பு கிராம்பு இருந்தாத் துப்பிட்டு ஊதுங்க."

எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான்கு மாதமாக எல்லோரும் களவாகச் செய்ததை இவள் ஒருத்திதான் என்னிடம் கேட்டுச் செய்கிறாள். அது எனக்கு மரியாதையாகப் பட்டது. வாயைத் திறந்து முழு மூச்சோடு ஊதினேன்.

"நல்லா மோந்து பாரு பவளம்!" என்று பின்னாலிருந்து சத்தம்.

பவளம் கண்ணை மூடி மோந்தாள். நாள் முழுக்க நூறு வகைக் கராம்பைத் தரம் பிரிக்கிற மூக்கு அது. பிறகு திரும்பிச் சொன்னாள்.

"ராத்திரி கருவாட்டுக் கொழம்பு. வேற ஒண்ணும் இல்ல. ஏறுங்க."

சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அந்தத் தாயும் ஏறினாள், மகளை என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காரவைத்து, தான் என்னைப் பார்த்தபடி நின்றாள். தடியூன்றிய பெரியவர் மட்டும் ஏறவில்லை. "நான் நடந்தே வாறேன்" என்றார். இரண்டு வாரம் நடந்தார். அது அவருடைய உரிமை. ஏழு பிள்ளைகளையும் பரீட்சைக்கு இருபது நிமிஷம் முன்னதாகவே இறக்கினேன்.

நானா என்ன சொன்னாரோ, முதலாளி அந்தப் பஸ்ஸை மறுபடி எனக்கே தந்தார். நேசன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு குடியை விட்டவர்கள் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் இடத்துக்கு இரண்டு தரம் வந்தான், நின்றுவிட்டான். அவனுக்கு இன்னும் ஒரு கதிரை போட்டுத்தான் வைக்கிறோம். வரும்போது வரட்டும்.

பவளம் விடவில்லை. தினமும் காலையில் யன்னலுக்கு வருவாள், நான் ஊதுவேன், முதல் நாள் சாப்பாட்டைச் சொல்லுவாள். "பூசணிக்கா." "கீரை." "அண்ணி இன்னிக்கு உப்பு கூடப் போட்டுட்டாங்க போல." பஸ்ஸுக்குள் அதற்கு ஒரு கூட்டமே காத்திருக்கும். உங்களில் யாருக்காவது இது அவமானமாகத் தெரிந்தால், நீங்கள் என்னிடம் பழக வரவேண்டாம். நம்மை நம்பி ஏறுகிறவர்களுக்கு மோந்து பார்க்க உரிமை உண்டு. ஒளித்துச் செய்யாமல், பெயர் வைத்துக் கூப்பிடாமல் செய்தால் போதும்.

ஒரு வருஷம் கழித்து ஒரு மழைக் காலை. பவளம் யன்னலுக்கு வராமல், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே கதவால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் பஸ்ஸை எடுக்கவில்லை.

"பவளம்! இன்னிக்கு ஊதலையே."

"மழைண்ணே. எடுங்க."

"நீ பாத்தாத்தான் எடுப்பேன். வா இங்க."

"எனக்குச் சளி. மூக்கு அடைச்சிருக்கு. ஒண்ணும் மணக்காது."

"எப்பலருந்து?"

"திங்கக்கெழமையிலருந்து."

அன்று வெள்ளி.

"அப்ப நேத்து கத்தரிக்கான்னு சொன்ன?"

"சும்மா சொன்னேன். எடுங்கண்ணே, நேரமாவுது."

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நான்கு நாள் டிரைவரை மோந்து பார்க்காமல் முப்பது பேரையும் ஏற்றிவிட்டிருக்கிறாளே! வேறு வழியில்லாமல் கியரைப் போட்டு, மேல் ஹோல்டிலிருந்து மாத்தளை பஸ் ஸ்டாண்ட் வரை அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது.